வயலும் ஓர் ஈரநிலமே
உக்குவளைக் கமக்காரருக்குப் பறவைக் கணக்கெடுப்பைப் பற்றிச் சில வார்த்தைகள்

எருமைக்குப் பின்னாலோ, இக்காலத்து இருசில்லு உழவு இயந்திரத்திற்குப் பின்னாலோ, சேற்று வயலில் வெண்கொக்குகள் வரிசையாக நடந்து வருவதை உக்குவளைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். புரண்ட மண்ணிலிருந்து வெளிப்படும் பூச்சியும் புழுவும் சிறு தவளையுமே அவற்றை அழைத்து வருகின்றன. கண்டோர் பலர்; எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலர். அங்ஙனம் எண்ணுவதற்கென ஊரவர் ஒன்றுகூடி ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவராயின் வயலுக்கு யாது பயன் என்பதே ஈண்டுக் கூறப்படுவது.

பறவை பார்த்தல் என்றவுடன், தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புந்தலைக்குச் செல்லும் நகரத்தாரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். உக்குவளையிற் புந்தலையைப்போற் களப்பு இல்லை என்பது மெய்யே. ஆயினும் ஈரநிலம் என்பது களப்பும் சதுப்பும் மட்டுமன்று. 1971ஆம் ஆண்டில் ஈரான் நாட்டின் ராம்சார் நகரிற் செய்யப்பட்டு, 1990இல் இலங்கையும் சேர்ந்துகொண்ட ஈரநில உடன்படிக்கை, மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் ஈரநிலமாகவே கொள்ளுகின்றது. 2008ஆம் ஆண்டிற் கொரியாவின் சாங்வொன் நகரிற் கூடிய அவ்வுடன்படிக்கை நாடுகள், நெல்வயல்களின் உயிர்வளத்தைப் பேணுதல் வேண்டும் எனத் தனித் தீர்மானமே நிறைவேற்றின. நமது நாட்டில் பத்தலகொடை வயல்களில் ஆராய்ந்தோர் 2004இல் வெளியிட்ட கணக்கின்படி, முள்ளந்தண்டுள்ள பிராணிகள் 103 இனமும், முள்ளந்தண்டில்லாதவை 494 இனமும் அங்கு காணப்பட்டன. நாம் நெல் ஒன்றையே விதைத்தோம் என்று எண்ணியிருக்க, வயல் இத்தனைக்கும் இடங்கொடுத்திருக்கின்றது!

உக்குவளையின் நீருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1976 முதல், பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் மலையைக் குடைந்த ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்னிலையத்திற்கு வந்து, சுது கங்கையிற் கலந்து, அம்பன் கங்கை வழியாகப் போவத்தன்னை நீர்த்தேக்கத்தை அடைகின்றது. ஆதலின் தெளிகருவியை இங்கு ஆற்றிற் கழுவினால், அந்நஞ்சு கீழேயுள்ள கமக்காரரின் வாய்க்காலை நோக்கியே செல்லும்.

இனிப் பறவைகளை நோக்குவோம். உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளியையும் பிற பூச்சிகளையும் பெரிதும் உண்ணும். மடையான் வரம்போரம் அசையாது நின்று நண்டு, தவளை, பூச்சி முதலியவற்றைப் பிடிக்கும். இரட்டைவாற் குருவி கம்பியிலோ கம்பத்திலோ அமர்ந்திருந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பற்றும். வயலின்மேல் ஒரேயிடத்திற் சிறகடித்து நிற்கும் சிறு பருந்து தேடுவது எலியை. மாரியில் வடதேசங்களிலிருந்து வரும் உள்ளானும் வாலாட்டியும் சேற்றிலே இரை பொறுக்கும். தகைவிலான் பறந்தவாறே சிறு பூச்சிகளைத் தின்னும்.

எல்லாப் பறவையும் நண்பன் என்று நாம் சொல்ல வரவில்லை. பால்பிடிக்கும் கதிரில் நெற்குருவிக் கூட்டம் விழுந்தாலும், விளைந்த கதிரைக் கிளி கொத்தினாலும் நட்டம் கமக்காரருக்கே. ஊர் வயலெல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் விதைத்தால் இச்சேதம் பலர் வயலிலும் பரந்து குறையும். முந்தியோ பிந்தியோ தனித்து விளையும் வயலே பெரிதும் அழியும். மரக்கறித் தோட்டத்திற் கவைக்கம்புகளை நாட்டினால் இரட்டைவாற் குருவி அமர்ந்து, இலைமேலிருக்கும் புழுக்களைப் பொறுக்கும். கத்தரிக்காயின் உள்ளே புகுந்துவிட்ட புழுவைக் குருவி என்ன செய்யும்? நெல்வயலில் நாட்டிய கம்புகளைக் கதிர் முற்றுமுன் பிடுங்கிவிடுதல் வேண்டும். இன்றேல் அவையே நெற்குருவிக்கு ஆசனமாகும்.

கொக்கு, நமக்கு உதவும் தவளையையும் சிலந்தியையும் கூடத்தான் தின்னும். பின்னர் அதனை எண்ணுவது எதற்கு எனின், இரை உள்ள இடத்திற்கே அது வரும் என்பதனால். சென்ற போகத்தில் நாற்பது கொக்கு இறங்கிய வயலில் இப்போகம் நான்கே இறங்குமாயின், அவ்வயலில் ஏதோ குறைந்திருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு. கபிலநிறத் தத்தியின் கதையும் இதுவே. அதன் முட்டை இலைமடலினுள்ளே மறைந்து தப்பிவிட, கண்மூடித்தனமாகத் தெளித்த மருந்து சிலந்தி முதலிய எதிரிகளைக் கொல்லும்; பொரித்த குஞ்சுகளைத் தின்ன ஆளின்றி அவை பெருகும். இதனை உணர்ந்தே இந்தோனேசிய அரசு 1986இல், நெல்லுக்குப் பயன்பட்ட 57 பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தது.

பறவை பேணுதல் கமக்காரருக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் வேடந்தாங்கல் ஊரார், ஏரியிற் கூடுகட்டும் பறவைகளைச் சுட வந்தோரைப் பற்றி முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியாளரிடம் பாதுகாப்புப் பெற்றனர். அன்பு ஒரு காரணம்; எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிருந்தது மற்றொரு காரணம். இரண்டாவதைச் சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை, நாமும் வெட்கப்பட வேண்டுவதில்லை.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி நடைபெற்று வருகின்றது. நமது நாட்டில் அதனை ஒருங்கிணைத்து வந்தது 1943இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகம். ஊர்க் கணக்கையும் அதே காலத்தில் வைத்துக்கொள்வது நன்று. கமக்காரர் அமைப்பினர் நாளைக் குறித்து, விவசாயப் போதனாசிரியருக்கும் பாடசாலைக்கும் அறிவித்தாற் போதும். விடிந்தவுடன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் முடித்தல் வேண்டும். ஒரு வயல்வெளியைத் தெரிந்துகொண்டு, ஒவ்வோராண்டும் அதே வரம்பில் அதே நேரம் நடத்தல் வேண்டும். இடம் மாறினால் கணக்கை ஒப்பிட இயலாது. சேறடிக்கும்போதும் கதிர் முற்றும்போதும் மறுமுறை எண்ணி, மருந்து தெளித்த நாளையும் அப்புத்தகத்திலேயே குறித்து வைப்போருக்குப் பயன் மிகும்.

ஓர் எச்சரிக்கை. 2008ஆம் ஆண்டில் எலிக்காய்ச்சல் நாட்டிற் பரவியபோது மாத்தளை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை முதியோர் மறந்திரார். ஆகையாற் பிள்ளைகளை வரம்பிலன்றிச் சேற்றில் இறங்க விடலாகாது. காலிற் புண் உள்ளோர் கரையிலேயே நின்று எழுதும் வேலையைப் பார்க்கலாம். சேற்றில் இறங்குவோர் தடுப்பு மருந்தைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

தொலைநோக்கி ஒன்று இருந்தால் நன்று, இல்லையெனினும் தடையில்லை. கொப்பியில் நாள், நேரம், வயலின் நிலை, பறவை, தொகை என ஐந்து நிரல் கீறிக்கொள்க. முதலாம் ஆண்டிற் பத்துப் பறவைக்குப் பெயர் தெரிந்தாற் போதும். மற்றவற்றை ‘பெயர் தெரியாதது, சிறியது, வால் ஆட்டுவது, 3’ என்றே எழுதி வைக்கலாம். அடுத்த ஆண்டு எவரேனும் பெயர் சொல்லுவர்.