கறுப்புத் திரைக்குப் பின்னால் ஐந்து வினாடி

புள்ளலூர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்குப் போர்தான் நினைவுக்கு வரும். மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்ற களம் என்று காசக்குடிச் செப்பேடு சொல்லும் ஊர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையை நொறுக்கிய ஊர். இரண்டு தரப்பு மோதிக்கொண்ட அந்த மண்ணில், ஒரே வன்தட்டில் இரண்டு இயங்குதளங்கள் சண்டையே இல்லாமல் குடியிருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வாருங்கள், நீங்களும் பாருங்கள்!

திண்ணையில் எனக்காகக் காத்திருந்தது ஒரு விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் வந்தது. மூடியில் அரசின் கோபுரச் சின்னம். 2 ஜிபி ரேம், 320 ஜிபி வன்தட்டு. பிளஸ் டூ படிக்கும்போது அதை வாங்கிய பெண்ணுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது.

"கடையில விண்டோஸ் திரும்பப் போட்டுக் குடுத்தாங்க சார். அப்பலேர்ந்து அந்த இன்னொன்னு வரவே மாட்டேங்குது" என்றார்.

அந்த இன்னொன்று, பாஸ் லினக்ஸ். டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவாகி, 2007 முதல் புழக்கத்தில் இருக்கும் நம்மூர் இயங்குதளம். அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த இந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன. இரண்டு இயங்குதளம் என்ற வார்த்தையையே கேள்விப்படாத லட்சக்கணக்கான வீடுகளுக்குள் 'டூயல் பூட்' இப்படித்தான் நுழைந்தது. நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, அது எங்கே காணாமல் போனது? எங்கும் போகவில்லை! பென்டிரைவிலிருந்து ஒரு லினக்ஸைக் கிளப்பி வன்தட்டைப் பார்த்தால், பாஸின் பகுதிகள் அப்படியே பத்திரமாக இருந்தன. காணாமல் போனது வாசலில் வழிகாட்டும் சின்னஞ்சிறு நிரல் மட்டும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. பொத்தானை அழுத்தியதும் இந்தப் பழைய பெட்டியின் பயாஸ் என்ற தொடக்க நிரல் வன்தட்டின் முதல் துண்டை மட்டும் படிக்கும். அதன் அளவு வெறும் 512 பைட். அதில் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் வட்டுப் பகுதிகளின் பட்டியலுக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. அவ்வளவுதான்! அந்தக் குறுகிய இடத்தில் கிரப் என்ற நிரலின் முதல் துணுக்கு உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ஒதுங்கியிருக்கும் தன் மிச்ச உடம்பைக் கூப்பிடுகிறது. பிறகு கறுப்புத் திரையில் பட்டியலைக் காட்டி, வழக்கமாக ஐந்து வினாடி காத்திருக்கிறது.

பாஸைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸின் கருவை (கெர்னலை) தானே தூக்கி நினைவகத்தில் வைக்கும். விண்டோஸைத் தேர்ந்தெடுத்தாலோ, விண்டோஸின் சொந்தத் துவக்க நிரலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலகிவிடும். விண்டோஸுக்குள் என்ன இருக்கிறது என்று கிரப்புக்குத் தெரியவே வேண்டாம்! விண்டோஸின் நிறுவி அப்படியில்லை. முதல் துண்டில் யார் இருக்கிறார்கள் என்று பாராமல் தன் நிரலை எழுதிவிடும். இந்தப் பெட்டிக்கு நடந்தது அதுதான்.

கிரப்-இன்ஸ்டால், அடுத்து அப்டேட்-கிரப். இரண்டே கட்டளை. மறுபடி கிளப்பினோம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெயர்கள்! திண்ணையில் இருந்த அத்தனை தலைகளும் திரையை நோக்கிக் குனிந்தன.

செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்துக்கொண்ட பாஸ், நேரத்தைச் சரிசெய்துகொண்டது. அதை மூடிவிட்டு விண்டோஸுக்குப் போனால், காலை பத்து மணிக்குக் கடிகாரம் விடியற்காலை நாலரை என்கிறது! "மணிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா சார்?" பைத்தியமெல்லாம் இல்லை. பெட்டிக்குள் பொத்தான் பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்றுதான். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். இரண்டுக்கும் நடுவே நம் நாட்டின் ஐந்தரை மணி நேரம் அப்படியே பல்லைக் காட்டுகிறது. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸிடம் ஒரு தடவை சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இன்னொரு வேடிக்கை. அந்த வீட்டில் லினக்ஸ் இரண்டாவது இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது: ஹாட்ஸ்பாட் கொடுத்த ஆண்ட்ராய்டு போனில்! உள்ளே இருப்பது லினக்ஸ் கருதான். ஆனால் என் பென்டிரைவில் இருந்ததை அந்தப் போனில் கிளப்ப முடியாது. மடிக்கணினிச் சில்லு புரிந்துகொள்ளும் ஆணைகள் வேறு, போனில் உள்ள ஆர்ம் சில்லின் ஆணைகள் வேறு. லினக்ஸின் மூல நிரல் எல்லார் கைக்கும் கிடைப்பதால், ஒவ்வொரு சில்லுக்கும் ஏற்றபடி அதை மாற்றித் தொகுத்துக்கொள்கிறார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு வடிவமைத்த சக்தி சில்லு முற்றிலும் வேறு வகை. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த ஆணைத் தொகுதியில் அமைந்தது. 2018இல் முதல் சில்லுகள் அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலிருந்து வந்ததும் அதிலும் லினக்ஸ் எழுந்து நின்றது. நம்மவர்கள் வரைந்த சில்லு!

திண்ணைக்குத் திரும்புவோம். இதில் இருக்கும் விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பெட்டியில் முறைப்படி ஏறாது. அது கேட்பது குறைந்தது 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 பாதுகாப்பும். பழைய பாஸுக்கும் வயதாகிவிட்டது, இணையத்துக்கு அதை நம்பக் கூடாது. ஆகவே அதே இடத்தில் எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான திரையோடு புது டெபியனைப் போட்டுக் கொடுத்தேன். தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்து. பிள்ளை உடனே தன் பெயரைத் தட்டிப் பார்த்தான். என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தில் அரசு செய்த மிக நல்ல காரியம் அந்த இரண்டாவது இயங்குதளத்தைச் சேர்த்ததுதான். அதை என்ன செய்வது என்று பள்ளிகளில் யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் கோபுரச் சின்னத்தோடு ஒரு பெட்டி தூங்குகிறதா? தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முக்கியமான கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு, ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கிளப்பிப் பாருங்கள். தடுமாறினால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினரைத் தேடிப் பிடியுங்கள். இணையவழியில் கூடித் தமிழிலேயே பேசுகிறார்கள், தாராளமாகக் கேட்கலாம்.