எழுத்தில் ஜலபுரி, பேச்சில் சோன்புரி

பாங்காக்கின் பெரிய விமான நிலையம் 2006இல் திறக்கப்பட்டது. அதன் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘சுவர்ணபூமி’ என்று வரும். ஆனால் ஊர்க்காரர்கள் அதைச் சொல்வது ‘சுவன்னபூம்’. கடைசி இகரம் பலகையில் இருக்கிறது, வாயில் இல்லை.

தாய்லாந்து ஊர்ப்பெயர்களை அவிழ்க்க வேண்டுமானால் காதைவிடக் கண்ணை நம்புவது நல்லது. அந்த மொழி சமஸ்கிருதத்திலிருந்தும் பாலியிலிருந்தும் சொற்களை அள்ளி வாங்கியபோது மூல எழுத்துகளைப் பெரும்பாலும் அப்படியே காப்பாற்றிக்கொண்டது. உச்சரிப்பை மட்டும் தன் நாக்குக்கு வளைத்துக்கொண்டது. அந்த எழுத்தே பல்லவர் எழுத்திலிருந்து கெமர் வழியாகப் போனதுதான்.

இரண்டு மூன்று வளைவுகள் பிடிபட்டால் போதும். சொல்லின் கடைசியில் நிற்கும் ரகரமும் லகரமும் னகரமாக ஒலிக்கும். ஆகவே நகரம் ‘நக்கோன்’. ஜலம் ‘சோன்’, கடலோர ஊரான சோன்புரி, எழுத்தில் ஜலபுரி. வடக்கைக் குறிக்கும் உத்தரம் ‘உடோன்’ ஆகி, உடோன் தானி என்ற ஊரில் இருக்கிறது. உபோன் ராட்சதானி என்றால் ராட்சதர் யாரும் இல்லை, அது உற்பல ராஜதானி; நம் நீலோற்பலத்தில் உள்ள அதே உற்பலம். அடுத்தது பகரம். ‘புரி’யை நாம் ‘பல்’லில் வரும் பகரத்தால் சொல்வோம், அவர்கள் ‘பஸ்’ஸில் வரும் பகரத்தால் சொல்கிறார்கள். வகரம் சில இடங்களில் மூச்சோடு வெடிக்கும் பகரமாகும்: விஷ்ணுலோகம் ‘பிட்சனுலோக்’.

இதைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தால் பொழுது போவதே தெரியாது. சுக்கோதாய், சுகோதயம். கம்போடிய எல்லையிலுள்ள அரன்யப்ரதேட், ஆரண்யப் பிரதேசமேதான். எனக்கு மிகவும் பிடித்தது சமுத் ப்ரகான். சமுத்திரமும் பிராகாரமும் சேர்ந்தது. பிராகாரம் என்றால் நமக்குக் கோயிலைச் சுற்றிவரும் இடம். அங்கே சாவ் ப்ரயா ஆறு கடலில் சேரும் இடத்தைக் காத்த மதில்.

பெயர் சமஸ்கிருதம் என்பதால் பழையது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. சூரத் தானி என்ற பெயரை மன்னர் ஆறாம் ராமா 1915இல்தான் சூட்டினார், குஜராத்தின் சூரத்தை நினைத்து. சூரத் இருந்தால் அதன் தபதி ஆறும் வேண்டாமா? அங்கே ஓடும் ஆற்றுக்கும் ‘தாப்பி’ என்று பெயர் வைத்தாயிற்று.

அரசர்கள் வைக்காத பெயர்கள் எளியவை. ‘பாங்’ என்றால் நீர்க்கரைக் கிராமம், ‘நோங்’ குளம், ‘கோ’ தீவு. ‘மே’ அம்மா, ‘நாம்’ தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் ஆறு. பாங்காக்கில் உள்ளது இந்தப் ‘பாங்’தான், பின்னால் வருவது மகோக் என்ற புளிப்புப் பழம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். உள்ளூர்க்காரர்களோ அந்த நகரத்தைக் ‘குருங் தேப்’ என்கிறார்கள். தேப் என்பது தேவர், தேவர்களின் நகரம்.

எளிய சொற்களும் ஏமாற்றும். ‘ஹாட்’ கடற்கரை, ‘யாய்’ பெரிய. ஆனால் ஹாட்யாய் கடலோரத்தில் இல்லை. அங்கே நின்ற பெரிய மஹாட் மரத்தின் பெயர் தேய்ந்தது என்கிறார்கள் சிலர். ஓடைக்கரை மணல்திட்டு என்கிறார்கள் வேறு சிலர்.

மேற்குக் கரையில் தக்குவா பா என்று ஓர் ஊர். ‘தக்குவா’ காரீயம், ‘பா’ காடு. வெள்ளீயம் தோண்டிய வட்டாரம் என்பதால் பொருத்தமாகவே படுகிறது. ஆனால் கிரேக்கரான தாலமி அந்தக் கரையில் தக்கோலா என்ற துறையைக் குறித்திருக்கிறார். ராஜேந்திர சோழனின் கல்வெட்டு வென்ற ஊர்களில் தலைத்தக்கோலத்தைச் சொல்கிறது. தமிழில் தக்கோலம் ஒரு வாசனைச் சரக்கு. தக்கோலா, தலைத்தக்கோலம் இரண்டும் தக்குவா பாதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியானால் வாசனைச் சரக்கின் பெயரை, ஈயம் தோண்டியவர்கள் தங்கள் சொல்லாகக் கேட்டிருக்கிறார்கள். அதே வட்டாரத்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவையும் பேசுகிறது.