சிபிலில் விழுந்த கீறல் அழியுமா?

2021 மார்ச்சில் ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்கு நியமன ஆணை பெற்ற ஒருவர், ஏப்ரலில் அதை இழந்தார். சிபில் அறிக்கையில் இருந்த பழைய தவணைத் தவறல்களே காரணம். வேலைக்கான அறிவிப்பு வருமுன்பே கடனையெல்லாம் அடைத்துவிட்டதாக அவர் வாதாடிப் பார்த்தார். 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவு செல்லும் என்றது. கடனை அடைத்திருந்தால் மட்டும் போதாது, திருப்பிக் கட்டியதில் தவறிய பதிவே இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

பாக்கி தீர்ந்தாலும் சுவடு தங்கிவிடுகிறது. சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் 36 மாதக் கட்டங்கள் உண்டு. ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் '000' இருக்கும். 30 நாள் தாமதம் என்றால் '030'.

அதை நீக்கச் சொல்லிக் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் பலர் கதவு மாறித் தட்டுகிறார்கள். சிபில் நிறுவனம் தானாக ஓர் எண்ணைக்கூட மாற்றாது. கடன் கொடுத்தவர் அனுப்பியதைப் பதிந்து வைப்பதே அதன் வேலை. திருத்தம் வங்கியிலிருந்து வர வேண்டும். 'சிபிலைச் சரிசெய்து தருகிறோம்' என்று காசு கேட்பவர்களும் கடைசியில் எழுதப்போவது அதே வங்கிக்குத்தான். அந்தக் கடிதத்தை நாமே செலவில்லாமல் எழுதலாம்.

பதிவு தவறானது என்றால் சட்டம் நம் பக்கம். கணக்கில் பணம் இருந்தும் வங்கி தவணையை எடுக்காமல் விட்டிருக்கலாம். நாம் வாங்காத கடனே நம் பெயரில் இருக்கலாம். கிரெடிட் கார்டில் கெடு முடிந்து 3 நாளுக்குமேல் பாக்கி நின்றால்தான் தாமதம் என்றே தெரிவிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

உண்மையிலேயே தாமதித்திருந்தால் கதை வேறு. அங்கே உரிமை இல்லை, வேண்டுகோள்தான். அமெரிக்காவில் இப்படிக் கேட்கும் கடிதத்துக்கு 'குட்வில் லெட்டர்' என்றே பெயர். அங்கே தாமதப் பதிவு 7 ஆண்டுகள் நிற்கும் என்பதால் பலர் எழுதிப் பார்க்கிறார்கள். சிலருக்குப் பலிக்கிறது. நம் ஊரில் சரியான தகவலைத் தருவது வங்கியின் கடமை; மனமிரங்கி அழிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தாமதத்தில் வங்கிக்கும் பங்கு இருந்தால் மட்டும் கோரிக்கைக்குக் கனம் கூடும். வங்கிகள் இணைந்தபோது கணக்கு விவரம் மாறி ஆட்டோ டெபிட் நின்றுபோனது ஓர் உதாரணம். கடன் எண், தவறிய மாதம், கட்டிய தேதி, ஸ்டேட்மென்ட் நகல் ஆகியவை இருந்தால் ஒரு பக்கம் போதும். குடும்பக் கஷ்டத்தை நான்கு பக்கம் எழுதுவதைவிட அந்த நகலுக்கு மதிப்பு அதிகம்.

'செட்டில்மென்ட்' என்று குறைத்துக் கட்டியவர்களுக்கு ஒரு வழி உண்டு. விட்டுக்கொடுத்த மீதியையும் கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்கி, 'செட்டில்டு' என்பதை 'குளோஸ்டு' என மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

வங்கி ஒப்புக்கொண்டாலும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இந்தியாவில் சிபிலோடு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இந்தக் கணக்கை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபிலில் '000' ஆன கட்டம் மற்ற மூன்றிலும் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்கலாம்.