லேடி மெக்பெத்தின் கை ஓங்கியிருந்தது எதுவரை?
கணவனைக் கொலைக்குத் தூண்டிய கொடுமைக்காரி. லேடி மெக்பெத் என்றதும் பலருக்கும் இதுதான் நினைவுக்கு வரும். ஆனால், 1606 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகத்தில் அவள் கை ஓங்கியிருப்பது கொஞ்ச நேரம்தான். மன்னர் டங்கனைக் கொல்லத் தயங்கும் கணவனைத் துணியவைப்பது அவள். அவன் பதறிப்போய் எடுத்து வந்துவிட்ட கத்திகளைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பதும் அவளே.

சரி, அரசியான பிறகு? அடுத்து பாங்கோவைத் தீர்த்துக்கட்டும் திட்டத்தை மெக்பெத் அவளிடம் சொல்லவே இல்லை! நாற்காலி கிடைத்தாச்சு, இனி அவள் யோசனை எதற்கு? விருந்தில் அவன் உளறுவதைச் சமாளிப்பதோடு அவள் வேலை முடிகிறது. மெக்டஃப் குடும்பம் வெட்டப்படும்போது அவள் மேடையிலேயே இல்லை. கடைசி அங்கத்தில், தூக்கத்தில் நடந்தபடி கைகளைத் தேய்த்துக் கொண்டிருக்கிறாள். அவள் இறந்த செய்தி வரும்போது மெக்பெத் போருக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். இத்தனைக்கும், நாடகத்தில் அவளுக்கென்று ஒரு சொந்தப் பெயர்கூட கிடையாது.