சரணடைதல் என்பது வாய்மூடி இருப்பதல்ல

"சரணடைதல்" எமக்கு இலேசான சொல் அல்ல. 2009 மே 18 அன்று வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களில் பலர் இன்றுவரை திரும்பவில்லை. அவர்களோடு சென்ற, யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் திரும்பவில்லை. அந்த நாளை நெஞ்சில் சுமப்பவரிடம் போய், "துன்பத்தில் இறைவனின் சித்தத்துக்குச் சரணடையுங்கள்" என்று சொன்னால் அவருக்கு அது ஆறுதலாக இருக்குமா? கிறிஸ்தவம் இந்தச் சொல்லால் எதைக் கருதுகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்வது அவசியம்.

இதற்கு முதல் உதாரணம் இயேசுவே. கைதாகுமுன் கெத்செமனித் தோட்டத்தில் அவர் செய்த செபத்தைப் பலரும் பாதியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். தந்தையின் விருப்பப்படியே ஆகட்டும் என்று அவர் ஒப்புக்கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னர் அவர் கேட்டது, அந்தத் துன்பக் கிண்ணம் தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்பதே. மத்தேயுவும் மாற்கும் எழுதியபடி அவர் மூன்று முறை செபித்தார். அவரது வேர்வை இரத்தத் துளிகள்போல் விழுந்ததாக லூக்கா எழுதுகிறார். தன் மனம் படும் பாட்டைச் சீடர்களிடம் மறைக்காமல், தன்னோடு விழித்திருக்கும்படி அவர்களைக் கேட்டார். ஆக, கேட்பதும் அழுவதும் துணை தேடுவதும் விசுவாசக் குறைவல்ல. கேட்டு முடித்தவரின் கடைசி வார்த்தையே ஒப்புக்கொடுத்தல்.

புனித பவுலும் தன் உடலில் தைத்த முள் போன்ற வேதனை நீங்கவேண்டும் என்று மூன்று முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை. அதைத் தாங்குவதற்கான அருள் கிடைத்தது. திருப்பாடல்கள் 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 88ஆம் திருப்பாடல் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை செபம் என்றே வைத்திருக்கிறது.

அடுத்த கேள்வி கடினமானது. நடந்தது எல்லாமே கடவுளின் சித்தமா?

நான் கணக்கெழுதும் தொழில் செய்பவன். வரவும் செலவும் சமமாக வரவேண்டும் என்பது என் தொழிலின் விதி. யோபுவின் நண்பர்களும் இதே விதியைத் துன்பத்துக்குப் போட்டார்கள். இவ்வளவு துன்பம் வந்திருந்தால் அதற்கு ஈடான பாவம் எங்கோ இருக்கவேண்டும் என்று வாதிட்டார்கள். நூலின் முடிவில் கடவுள் கடிந்துகொள்வது அந்த நண்பர்களைத்தான். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று இயேசுவும் சொன்னார்.

1995 யூலை 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1999 நவம்பர் 20 அன்று மடு ஆலயத்தில் அடைக்கலம் தேடியிருந்த ஏறக்குறைய 40 பேர் எறிகணைகளுக்குப் பலியாகினர். இவை கடவுள் விரும்பிச் செய்தவை என்று திருச்சபை போதிக்கவில்லை. மனிதருக்குக் கொடுத்த சுதந்திரத்தால் விளையும் தீமையைக் கடவுள் அனுமதிக்கிறார், ஆனால் அவர் அதற்குக் காரணர் அல்லர் என்பதே கத்தோலிக்கப் போதனை. ஏன் அனுமதிக்கிறார் என்பதற்கு முழுமையான பதில் எமக்குத் தரப்படவில்லை. ஆனால் மனிதர் செய்த கொலையைக் கடவுளின் பெயரில் எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும்படி கிறிஸ்தவம் கேட்கவில்லை என்பது உறுதி.

ஆகவே நீதி கேட்பது சரணடைதலுக்கு எதிரானதல்ல. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோவில் முன்றலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். இறைவனின் வாசலில் இருந்துகொண்டே பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள்.

ஆபத்தைவிட்டு விலகுவதும் விசுவாசத்துக்கு எதிரானதல்ல. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சொரூபமே மடு மாதாவின் சொரூபம். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் அதைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. எம்மைப்போலவே மாதாவும் இடம்பெயர்ந்தவள்தான்.

மொன்றியலில் நாம் அடிக்கடி போகும் புனித யோசேப்பு ஆலயமும் இதையொட்டிய ஒரு பாடம் சொல்கிறது. 283 படிகளில் நடுவே உள்ள 99 மரப்படிகள் முழந்தாளில் ஏறுபவர்களுக்கானவை. உள்ளே குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஊன்றுகோலோடே திரும்பி இறங்கியவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்கு அங்கே சுவர் இல்லை. இந்த ஆலயம் எழக் காரணமாக இருந்த புனித அந்திரே சிறுவயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஒரு கல்லூரியில் வாயிற்காப்பாளராக இருந்தார். நோயாளர் கூட்டம் அவரைத் தேடி வந்தது. மற்றவர்களுக்காகச் செபித்த அவருடைய வயிற்று நோயோ வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. ஆனாலும் 1937இல் தனது 91ஆவது வயதில் இறக்கும்வரை அவர் செபத்தை விடவில்லை.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? அகதி விசாரணைக்குக் காத்திருப்பவர் செபிக்கட்டும். ஆவணங்களையும் ஒழுங்காகத் தயார் செய்யட்டும். நோயாளி நேர்த்தி வைக்கட்டும். மருந்தையும் நேரத்துக்கு எடுக்கட்டும். செய்யக்கூடியதைச் செய்து, கேட்கவேண்டியதைக் கேட்டு, எம் கையில் இல்லாத மீதியை இறைவன் கையில் கொடுப்பதே சரணடைதல்.

இன்னொன்றும் உண்டு. கெத்செமனியில் தந்தையின் விருப்பத்துக்கு ஒப்புக்கொடுத்தது துன்பப்பட்டவரே. பக்கத்தில் இருந்த எவரும் அவரைப் பார்த்து, "இது கடவுளின் சித்தம், ஏற்றுக்கொள்ளும்" என்று சொல்லவில்லை. செத்தவீட்டிலும் மருத்துவமனையிலும் நாம் வாய்தவறி இதைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளையைத் தொலைத்த தாய் என்றாவது ஒருநாள் தானாகவே இறைவனிடம் அதைச் சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். அவருக்காக அதைச் சொல்ல எமக்கு உரிமையில்லை. தோட்டத்தில் விழித்திருக்கும்படி சீடர்களிடம் கேட்கப்பட்டது. அவர்கள் தூங்கிவிட்டார்கள். நாம் தூங்காமல் பக்கத்தில் இருப்போம்.