நரம்புச் சுருட்டுச் சிகிச்சைக்குப் பின் வரும் இரத்தக் கட்டி

திருப்பூர்ப் பகுதியிலே சங்கங்களை மேற்பார்வையிடச் செல்லும் நாம், அங்கத்தினர் வீடுகளில் அடிக்கடி காணும் நோய் நரம்புச் சுருட்டு. ஒருவர் தறியில் அமர்ந்தால் மற்றொருவர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்போ இஸ்திரி மேசை முன்போ நாள் முழுவதும் நிற்கிறார். நின்று வேலை செய்வோர்க்கு உட்கார வசதி வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். மேசையருகே முக்காலியை நாம் கண்ட இடங்கள் சிலவே.

சுருட்டிக்கொள்வது உண்மையில் நரம்பு அன்று. இரத்தத்தை இருதயத்துக்கு ஏற்றும் சிரை. அதனுள் இருக்கும் கதவுகள் பழுதானால் இரத்தம் கீழே தேங்கிப் புடைக்கிறது. முன்னாளில் அச்சிரையை அறுத்தெடுத்தார்கள். 1999-ல் ஸ்பெயின் நாட்டு வைத்தியர் கார்லோஸ் போனே லேசர் முறையை வெளியிட்டார். முழங்காலருகே ஊசித் துளை வழியே மெல்லிய இழையைச் செலுத்தி, சிரையை உள்ளிருந்தே சூட்டினால் அடைத்துவிடுகிறார்கள். காலையில் சென்றவர் மாலையில் நடந்தே வீடு திரும்புகிறார். இந்த எளிமையினாலேயே, எல்லாம் முடிந்துவிட்டதென்று பலர் எண்ணிவிடுகின்றனர்.

அடைத்த சிரையில் இரத்தம் உறைந்து, அங்கேயே நின்றால் கவலையில்லை. தொடை இடுக்கில் அச்சிரை ஆழ்சிரையோடு கலக்கிறது. அந்தச் சந்தியைத் தாண்டி உறைவு நீண்டால்தான் தொல்லை. அதனாலேயே சந்திக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தள்ளிச் சூடு வைக்கிறார்கள். அப்படியும் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவானோர்க்கு இது நேர்கிறது. கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைப்பது மிக அரிது. அடைத்தால் உயிருக்கே ஆபத்து. வலியில்லாமலும் உறைவு நீளக்கூடும். ஆகவேதான் சில நாளில் ஸ்கேனுக்கு மறுபடி வரச் சொல்கிறார்கள்.

நாம் அறிந்த நெசவாளர் ஒருவரின் மனைவி அந்த ஸ்கேனுக்குப் போகவில்லை. கம்பெனியில் சரக்கு அனுப்பும் வாரம். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று மேசைக்குச் சென்றார். பத்தாம் நாள் கெண்டைக்கால் கல்லாக வீங்கிற்று. நின்ற அசதியென்று தைலம் தேய்த்தார்கள். உறைவு கண்ட காலைத் தேய்ப்பது தகாது. மாமியார்தான் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். ஆழ்சிரையில் கட்டி! இரத்தம் உறையாதிருக்க மூன்று மாதம் மாத்திரை உண்டு குணமடைந்தார்.

சிகிச்சை கொண்ட அன்றே நடக்கத் தொடங்க வேண்டும். படுத்தே கிடப்பதும் ஒரே இடத்தில் நிற்பதும் கூடா. முன்பு இரத்தக் கட்டி கண்டவர்களும், கருத்தடை மாத்திரை உண்பவர்களும் அதை வைத்தியரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். உடன் வந்தவர் முன் கூச்சமாயிருந்தால் தனியே சொல்லலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே காட்டுக. திடீரென மூச்சுத் திணறலோ மார்வலியோ கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.