இடைவெளியும் போலியிடைவெளியும்

உலோகங்களில் மின்னைச் சுமந்து செல்வன இலத்திரன்கள். அவை வழியிற் சிதறுண்டலே மின்றடைக்குக் காரணமாகும். 1911 இல் இலெய்டன் நகரிற் காமர்லிங்கு ஒன்னசு என்பார் இரசத்தை 4.2 கெல்வின் வரை குளிர்வித்தபோது அத்தடை அறவே மறைந்தது. இலத்திரன்கள் இவ்விரண்டாகச் சோடிசேர்ந்து ஒருமித்து இயங்குதலால் இம்மீக்கடத்தல் நிகழ்கின்றதென 1957 இல் பாடீன், கூப்பர், சிறீவர் ஆகியோர் விளக்கினர். சோடியைப் பிரித்தற்கு வேண்டிய மிகக் குறைந்த சத்தியே இடைவெளி எனப்படும். இரசம், ஈயம் முதலியவற்றில் தடை மறைதலும் இடைவெளி தோன்றலும் ஒரே வெப்பநிலையில் நிகழ்வன.

1986 இல் சூரிச்சு நகருக்கு அண்மையிற் பெட்னோர்சும் முல்லரும் செப்பொட்சைட்டுச் சேர்வையொன்று 30 கெல்வினை அண்மித்த வெப்பநிலையில் மீக்கடத்தியாதலைக் கண்டனர். ஓட்டாஞ்சில்லி போல நொறுங்கும் பொருள் அது! ஆயின் இவ்வினத்துள் மின்னேற்றக் காவிகள் குறைந்த மாதிரிகளில், தடை மறைதற்கு நெடுமுன்னரே, சிலவேளை இரட்டிப்புக்கு மேற்பட்ட வெப்பநிலையிலேயே, இடைவெளி அரைகுறையாகத் திறந்துவிடுகின்றது. சில திசைகளிற் செல்லும் இலத்திரன்கள் அதனாற் கட்டுண்ண, ஏனைய திசைகளிற் செல்வன வழமை போல உலாவுகின்றன. ஆதலின் இது போலியிடைவெளி எனப் பெயர் பெற்றது.

சோடிகள் முன்னரே அமைந்துவிட்டன. அணிவகுப்பிற் கால் ஒவ்வாத படையினர் போன்று அவற்றின் அலைகள் இன்னும் ஒருமிக்கவில்லை என்பர் ஒருசாரார். அன்று, இது மீக்கடத்தலோடு போட்டியிட்டு இலத்திரன்களைக் கவரும் வேறோர் ஒழுங்கு என்பர் மறுசாரார். முன்னைய கொள்கை எளிமையுடையதே. எனினும் சோடிகளின் அறிகுறிகள் பல சோதனைகளிற் போலியிடைவெளி தொடங்கும் வெப்பநிலை வரை நீளாமை அதற்கு இடராகின்றது. முன்னையது மெய்யாயின் சோடிகளை ஒருமிக்கச் செய்யும் வழியைத் தேடல் வேண்டும். பின்னையதாயின் போலியிடைவெளியை அடக்குதலே மீக்கடத்தலை உயர்வெப்பநிலைக்கு ஏற்றும் வழியாம்.